சாட்சியம் பதியப் போகிறவர்களுக்கு

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் கேள்வியாகத் திகதி கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டவுடன் அவ காணாமற்போனோரை விசாரித்த ஆணைக்குழுக்களுக்கு எழுதிக் கொடுத்ததையே ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவா. யாழ்ப்பாணத்துச் சனத்தின் கணக்கு வேறு: இந்தியன் ஆமி வந்த நேரம், இடப்பெயர்வுக்கு முந்தி, வன்னியால் வந்த பிறகு. "இடம்பெயர்ந்து போகேக்கை மகன் உங்களோடையோ நிண்டவர்?" என்று கேளுங்கள். யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்து நெரிசலில் தொடங்கினால் கதை முன்னும் பின்னும் தானாகப் போகும். திகதியைப் பிறகு நாங்கள் போட்டுக்கொள்ளலாம்.

பிழையான விபரம் வந்தால் இடைமறிக்க வேண்டாம். நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது 1995 யூலை 9. கிபிர் போர் விமானம் இலங்கைக்கு வந்ததே 1996இல். ஆனாலும் "கிபிர் அடிச்சது" என்று சொல்பவர்கள் உண்டு. பிந்திய பயம் முந்திய நினைவில் ஏறிவிடும். அப்படியே பதிந்து அடிக்குறிப்புப் போடுங்கள். இதை வைத்து முழுச் சாட்சியத்தையும் பொய் என்பவருக்கு இந்த வேலை சரிவராது.

காணாமலாக்கப்பட்டவரைப் பற்றி இறந்தகாலத்தில் கேட்டீர்களோ, பேச்சு அறுந்தது. மரணச் சான்றிதழ் வாங்க மறுத்த குடும்பங்கள் இவை. "மகனுக்கு என்ன கறி விருப்பம்?" என்றால் கதைப்பா. காணாமற்போன படையினரின், தெற்கிலிருக்கும் தாய்மாரிடமும் இதே கவனம் வேண்டும்.

ஒலியைக் கெடுப்பதில் முதலிடம் சீலைத் தலைப்புக்கு. சின்ன மைக்கைத் தலைப்பு இல்லாத பக்கம், வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். ஃபானை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடென்றால் மாரியில் போகாதீர்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், மோனோ: மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலம் என்று வைத்திருக்காதீர்கள், அது சுருங்கிப்போன ஒலியாக இருக்கலாம்.

முன்னாள் போராளி என்றால் இயக்கத்தில் வைத்த பெயர், படையணி, கூட நின்றவர்களின் பெயர் எதுவும் பதிவில் வரக்கூடாது என்று மைக் போடமுதலே சொல்லிவிடுங்கள். வாய்தவறி வந்தால் நேரத்தைக் குறித்து, வெளியே போகும் பிரதியில் அந்த இடத்தை வெட்டுங்கள். கோப்புக்குக் குறியீட்டு இலக்கம் மட்டும். பெயர்ப் பட்டியல் வேறோர் இடத்தில், தாளில்.

அனுமதி இரண்டு தரம் வாங்க வேண்டும். தொடங்கமுதல் கிடைப்பது பதிவதற்கு. மற்றவர்கள் கேட்பதற்கான அனுமதியை, பதிந்ததைப் போட்டுக் காட்டி, ஒரு கிழமை விட்டுக் கேளுங்கள். அன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.