பக்கத்து அறைக்குப் போனாலே வைஃபை விட்டுப்போகும் லேப்டாப்

அதே இடத்தில் போனில் வைஃபை நன்றாக வருது, லேப்டாப்பில் மட்டும் விட்டு விட்டு வருது என்றால் ரவுட்டரைத் திட்டாதீங்க. லேப்டாப்பைப் பாருங்க.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் சின்னப் பலகை) ப்ராப்பர்ட்டீஸ், அதில் பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்க. (சில புது லேப்டாப்பில் அந்தப் பகுதியே இருக்காது.)

யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியதும் வேகம் படுத்துக்கொள்கிறதா? அதன் ரேடியோ இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்க, இல்லை டிஸ்க்கை நீள கேபிளில் தள்ளி வைங்க.

ஸ்கிரீன் மாற்றியபிறகோ சர்வீஸுக்குப் போய் வந்தபிறகோ ஆரம்பித்த தொல்லை என்றால், என் முதல் சந்தேகம் ஆன்டெனா வயர்தான். லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்தால், வைஃபை கார்டின் ஓரத்தில் கடுகளவில் தங்க நிறக் குமிழ் இரண்டு இருக்கும். திரையின் விளிம்பிலிருந்து கீல் வழியாக வரும் இரண்டு மெல்லிய வயர்கள், பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும், அவற்றில் அமுங்கி உட்காரும். கழன்றிருந்தால் ரவுட்டர் பக்கத்தில் ஃபுல் சிக்னல், அடுத்த அறையில் ஒன்றுமே இருக்காது. பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, வயரின் தலையைக் குமிழ்மேல் நேராக வைத்து விரல் நகத்தால் அழுத்துங்க. 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும், அப்புறம் பிடிக்கவே பிடிக்காது.