நாற்பது முறை சரி, நாற்பத்தோராவது முறை?
ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47. எல்லாமே பகா எண்கள். 39 வரை (விடை 1601) ஒன்றுகூடப் பிசகாது. 40-ல் கதை முடிந்தது: 1600 + 40 + 41 = 1681, அதாவது 41 × 41.

கணிதத்தில் ஒரே ஓர் எதிர் உதாரணம் வந்தால் கூற்று காலி. அறிவியலில் அவ்வளவு சுலபமில்லை. யுரேனஸ் கோள் நியூட்டனின் ஈர்ப்பு விதிக் கணக்குப்படி நகரவில்லை. யாரும் நியூட்டனைக் கைவிடவில்லை. தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடினார். கணித்த இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன்! புதனின் பாதையும் இடறியபோது (இன்றைய கணக்கில் நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி; ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) அதே வித்தையைத்தான் லெவெரியே காட்டினார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, கோளைத்தான் காணோம். இந்தமுறை குறை விதியிலேயே இருந்தது. 1915-ல் ஐன்ஸ்டைனின் சார்பியல்தான் கணக்கைத் தீர்த்தது. இரண்டு இடறலும் பார்வைக்கு ஒரே மாதிரி என்பதுதான் வம்பு.

சரி, கைக்கு உதவும் கணக்கு ஒன்று. 300 முறை சோதித்தும் பழுதே வரவில்லையா? ‘பழுதாகாது’ என்று எழுதிவிடாதீர்கள். 3-ஐச் சோதனை எண்ணிக்கையான 300-ஆல் வகுங்கள் (இந்தச் சுருக்குவழியில் 3 மாறாது): பழுது விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அதுவும் சோதனைகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான். ஒரே கருவியை ஒரே சூட்டில் 300 தடவை இயக்கினால் அது 300 சோதனை ஆகாது.