பத்துக்கு எத்தனை?

வலி கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்பதால், ஊசிக்கு வருகிறவர்களில் பலர் எனக்குத் தெரிந்த முகங்கள்தான். நீளக் கம்பில் அரிவாள் கட்டி, நாளெல்லாம் அண்ணாந்து செம்பனை வெட்டி, 20 கிலோ குலையைக் குனிந்து தூக்கியவர்கள். முதுகு என்னத்துக்கு ஆகும்?

முதுகில் போடும் ஊசி வலியைப் போக்கத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். சில ஊசிகள் கண்டுபிடிக்கப் போடுபவை. வயதானவர் முதுகை எம்ஆர்ஐ எடுத்தால் பலருக்கு எலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டுகளில் இரண்டு மூன்றாவது பிதுங்கியிருக்கும். வலிப்பது எது என்று படம் சொல்லாது. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்படும் நரம்பின் வேர் பக்கம் ஊசியைக் கொண்டுபோவார் டாக்டர். சாயமருந்து கொஞ்சம் விட்டால் நரம்போரமாகக் கோடு போல ஓடும். இடம் சரியென்றால் மரப்பு மருந்து. சில மணி நேரத்துக்கு வலி அடங்கினால் அந்த நரம்புதான் குற்றவாளி. ஸ்டீராய்டு வேறு கதை. அது வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் ஏறும்.

அந்தச் சில மணி நேரத்து வலியைக் கேட்டு எழுதுவது என் வேலை. 2008 முதல் அரசு மருத்துவமனைகளில் நாடி, ரத்த அழுத்தத்தோடு வலிக்கும் ஓர் எண் போடுகிறோம்: வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10.

ஒரு பெரியவர் ஊசிக்கு முன் 8 என்றார். அரை மணி கழித்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கு மிஸ்ஸி."

"பத்துக்கு எத்தனைங்கய்யா?"

"ரெண்டுன்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். 'போட்டுக்குங்க' என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாரமே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு வர்ற வரைக்கும் முனகிக்கிட்டேதான் வந்தாரு. டாக்டரு அவ்வளவு சிரமப்பட்டுப் போட்டாரு, வலிக்குதுன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு சொல்லலையாம்."

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். நல்லவேளை, அந்த நரம்பை நம்பி எதுவும் செய்திருக்கவில்லை. அடுத்த முறை முதுகெலும்பு மூட்டுக்குப் போகும் நரம்பில் போட்டார். நான் முதலில் எண்ணே கேட்கவில்லை.

"ஐயா, அந்தச் சிலிப்பரைக் குனிஞ்சு எடுங்க."

கட்டில் கம்பியைப் பிடித்தபடி குனிந்தார். கை முட்டிக்குக் கீழே போனதும் நின்றுவிட்டார்.

"அஞ்சு மிஸ்ஸி" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

5 என்று எழுதிவிட்டுச் சிலிப்பரை நானே எடுத்துக் கொடுத்தேன்.