ஐயைக்கு ஒரு கதை

கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில் வகுப்பிலோ அலுவலகத்திலோ சீட்டுக் குலுக்கிக் ‘கிறிஸ்மஸ் ஃபிரண்ட்’ எடுத்துப் பழகிய குமரி மாவட்டத்தாருக்கு, ரசிகர் புனைவுப் பரிமாற்றம் என்றால் என்ன என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது. நமக்கு வாய்த்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். நாம் யார் என்பது அவருக்குத் தெரியாது. பரிசைப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுத்தவரின் பெயர் வெளியே வரும். ரசிகர் புனைவு, அதாவது ஃபேன்ஃபிக், எழுதுவோர் நடத்தும் பரிமாற்றத்தில் பரிசாகக் கொடுக்கப்படுவது ஒரு கதை. பெறுபவர் நேசிக்கும் நாவல், காப்பியம், திரைப்படம், தொடர் என ஏதோ ஒன்றின் மாந்தர்களை எடுத்துக்கொண்டு, அவர் கேட்ட வண்ணம் நாம் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது, 2003-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவரும் யூல்டைட். எல்லோரும் எழுதித் தள்ளும் பெரிய படைப்புகளுக்கு அங்கே இடமில்லை. மிகக் குறைவான ரசிகர் கதைகளே எழுதப்பட்டிருக்கும் படைப்புகளை மட்டுமே கேட்கலாம். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவற்றையும், தம்மால் எழுதித் தர இயலும் என்று கருதுபவற்றையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒருவரின் வேண்டுகோளும் இன்னொருவரின் வாக்கும் ஒரு படைப்பிலாவது பொருந்துமாறு இணை சேர்ப்பார்கள். கதை குறைந்தது 1000 சொற்கள் இருக்க வேண்டும். டிசம்பர் 25 அன்று கதைகள் திறக்கப்படும். எழுதியவர் பெயர் ஜனவரி 1 வரை மறைந்தே இருக்கும். தொடக்கத்தில் தனக்கென ஒரு தளம் வைத்திருந்த யூல்டைட், 2009-இல் ரசிகர் கதைகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்தத் தளத்தை நடத்துவோரும் சரி, பரிமாற்றத்தை நடத்துவோரும் சரி, ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ‘காசு கிடைக்காத வேலைக்கு எதுக்கு மக்களே ராத்திரி முழிக்க?’ என்று கேட்ட என் சித்தியிடம், அந்தத் தளத்துக்கு 2019-இல் அறிவியல் புனைவுலகின் ஹ்யூகோ விருது கிடைத்ததைச் சொல்லிப் பார்த்தேன். விருதோடு பணம் உண்டா என்பதே அவருடைய அடுத்த கேள்வியாக இருந்தது.

பரிமாற்றத்தில் நான் மிகவும் விரும்புவது கதைக்கு முன்னால் வரும் கடிதத்தை. தமக்காக எழுதப்போகும் முகமறியா எழுத்தாளருக்கு ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதி வைப்பார்கள். தமக்கு அந்தப் படைப்பில் எது பிடிக்கும், எந்த மாந்தர் மீது இரக்கம், மூலத்தில் சொல்லாமல் விடப்பட்ட எந்த இடம் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும்; கூடவே, எவை அறவே வேண்டாம் என்பதும் இருக்கும். விருப்பங்கள் வெறும் யோசனைகள்தாம். எழுதுபவர் அவற்றை ஏற்கலாம், விடலாம். வேண்டாதவற்றை மட்டும் மீறவே கூடாது. ‘நாய் சாகக் கூடாது’, ‘மருத்துவமனைக் காட்சி வேண்டாம்’, ‘பிள்ளைப்பேறு பற்றி எதுவும் வேண்டாம்’ என்று எழுதியிருப்பார்கள்; காரணம் எழுதியிருக்க மாட்டார்கள்; யாரும் கேட்பதும் இல்லை. நம் ஊரில் ஒருவர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஏன் என்று கேட்க வீட்டிலும் தெருவிலும் ஆள் உண்டு. காரணத்தைக் கேட்டறிந்த பிறகு, அது ஒரு காரணமா என்று தீர்ப்புச் சொல்லவும் ஆள் உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கேள்வி கேட்காமல் ஒருவரின் மறுப்பை மதித்து அதைச் சுற்றி ஒரு முழுக் கதையைக் கட்டுவது புதிய அனுபவமாக இருந்தது; இன்றுவரை அதன் சுவை குறையவில்லை.

யூல்டைட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய நாங்கள் சிலர், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று சிதறிக் கிடப்பவர்கள், சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு சிறிய தமிழ்ப் பரிமாற்றத்தையும் நடத்துகிறோம். இணை சேர்க்க எங்களுக்கு நிரல் எதுவும் கிடையாது. அந்த ஆண்டுக்குப் பொறுப்பேற்றவர் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கையால் சேர்ப்பார். அது எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். எல்லோரும் ‘பொன்னியின் செல்வ’னைக் கேட்பார்கள், வேறு எதையும் எழுதத் தயங்குபவர்களும் அதையே தருவதாகச் சொல்வார்கள், மிச்சமிருக்கும் ஒருவர் மட்டும் யாரும் தொடாத ஒன்றைக் கேட்டுவிட்டு நோட்டின் ஓரத்தில் தனியாக நிற்பார். ‘பொன்னியின் செல்வ’னுக்குள்ளும் சிக்கல் உண்டு. வந்தியத்தேவன் ஒரு வரியில்கூட வரக் கூடாது, ஆனால் மணிமேகலை பிழைத்தெழுந்து தன் விருப்பப்படி வாழ வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அவனை நினைத்தே உருகி அவன் மடியில் உயிர்விட்ட பெண்ணை அவனில்லாமல் எழுதுவது எப்படி என்று அதை வாங்கியவர் கொஞ்ச நாள் தவித்தார். வந்த கதை அந்த ஆண்டின் மிகச் சிறந்த கதை.

எங்கள் பரிமாற்றத்தில் பெயர் மறைப்பு என்பது ஒரு நாடகம் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோழ இளவரசி ‘எனக்க அண்ணன்’ என்று பேசிவிட்டால், எழுதியவர் மார்த்தாண்டத்துக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் பெயர் வெளியாகும் நாள்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஒருமுறை எனக்கு வாய்த்தவர் சிலப்பதிகாரத்தின் ஐயையைக் கேட்டிருந்தார். மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரியின் மகள் அவள். கோவலன் கடைசியாக உண்ட உணவைக் கண்ணகி சமைத்தபோது உடனிருந்து உதவியவள். தன்னிடம் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க முடியாமற்போன துயரில் மாதரி தீயில் புகுந்ததை, காப்பியம் நமக்கு நேரே காட்டுவதில்லை. பின்னொரு காதையில் மாடலன் என்னும் மறையோன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்தியாகவே அது வருகிறது. அதன்பின் ஐயையைப் பார்ப்பது வாழ்த்துக் காதையில்தான். புகாரிலிருந்து வந்த கண்ணகியின் தோழி தேவந்தி முதலானவர்களோடு சேர்ந்து, வையைக் கரை வழியே நடந்து, மலையேறிச் சேரநாட்டுக் கோயிலை அடைகிறாள். அந்தக் கடிதத்தின் கேள்வி இவ்வளவுதான்: தாயும் போய், விருந்தினளும் தெய்வமாகிப் போய், எரிந்த நகரத்தில் தனித்து விடப்பட்ட அந்தப் பெண் அதுவரை எப்படி வாழ்ந்தாள்? வேண்டாதவற்றில் ஒன்று, மாதரி தீப்புகுவதைக் காட்சியாக எழுதக் கூடாது என்பது. இன்னொன்று, ஐயைக்குத் திருமணம் செய்துவைத்து முடிக்கக் கூடாது என்பது.

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன காப்பியத்தை இந்தக் கேள்விக்காகவே மறுபடியும் எடுத்து வாசித்தேன். கொலைக்களக் காதையில் அந்த வீட்டுக்கு வந்த காய்கனிகளின் பட்டியல் இருக்கிறது: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, ஆயர் வீட்டுப் பால். ஆய்ச்சியர் குரவையில், குடத்துப் பால் உறையவில்லை என்று மாதரி மகளிடம் அஞ்சிச் சொல்கிறாள். இந்த இரண்டையும் இணைத்தால் கதை கிடைக்கும் என்று தோன்றியது. தாய் போன பிறகு ஐயை முதன்முதலாகப் பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, காலையில் அது உறைந்திருக்குமா என்று பார்க்கப் பயந்து நிற்கிறாள். அந்த ஒரு காலைப்பொழுதைத்தான் எழுதினேன். வழக்கமாக எழுதும்போது யாரோ பலர் வாசிக்கக்கூடும் என்ற மங்கலான நினைப்பு இருக்கும். இங்கே ஒவ்வொரு வரியிலும் கடிதத்தை எழுதிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது நோகுமா, இதைக் கண்டு சிரிப்பாரா, இது அவர் கேட்டதா, நான் எழுத ஆசைப்பட்டதா என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. என் எழுத்தில் வழக்கமாகத் தலைதூக்கும் அலங்காரத்தில் பாதி, அந்தக் கேள்விகளுக்கு முன் தானாகவே உதிர்ந்தது.

கதை திறக்கப்பட்ட அன்று அவரிடமிருந்து நீண்ட மறுமொழி வந்தது. உறை ஊற்றும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது கசப்பானது. வேறொரு பரிமாற்றத்தில் நான் எழுதிக் கொடுத்த கதைக்கு, அதைக் கேட்டவரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. வேறு பலர் வந்து வாசித்தார்கள், பாராட்டினார்கள். அவையெல்லாம் மணவீட்டார் வாசலுக்கே வராத கல்யாணத்தில் பந்தி நிறைந்திருப்பதைப் போலத்தான் இருந்தன. அவருக்கு உடல்நலம் இல்லாதிருக்கலாம், கதை பிடிக்காமல் போயிருக்கலாம், பிடித்தும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே எவ்வளவு சொல்லிக்கொண்டாலும், ஒருவருக்காகவே எழுதிய கதையில் அந்த ஒருவரின் மௌனத்தை மற்றவர்களின் சொற்களால் நிரப்ப முடிவதில்லை. பரிசைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘கிடைத்தது, வாசித்தேன்’ என்ற இரண்டு சொற்கள் நன்றியிலேயே சேராது, அது வெறும் ரசீது.

கடிதங்களாலும் எரிச்சல் வரும். ‘எது வேண்டுமானாலும் எழுதுங்கள், எல்லாம் பிடிக்கும்’ என்பவர்கள் தாராள மனத்தோடுதான் அப்படி எழுதுகிறார்கள். எழுதுபவருக்கோ பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. இன்னொரு வகையினர் காட்சி காட்சியாக முழுக் கதையையும் தாமே சொல்லி முடித்திருப்பார்கள். அதை வாசித்ததும் இவரே எழுதியிருக்கலாமே என்று தோன்றும். இணை சேர்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. பட்டியலை நிரப்புவதற்காகக் கடைசியில் சேர்த்த படைப்பு எதுவோ, அதுதான் பெரும்பாலும் நம் தலையில் விழும்.

கெடு நாள் இரவில் மாயமாகிவிடுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுத முடியவில்லை என்று முன்கூட்டியே சொல்லி விலகுவதில் தவறே இல்லை. அதற்கென்றே எல்லாப் பரிமாற்றங்களிலும் வழி வைத்திருக்கிறார்கள். விலகியவரின் இடத்தில் வேறொருவர் விரைந்து எழுதித் தருவதைப் பிஞ்ச் ஹிட் என்பார்கள். முழுக் கதைக்குப் பதிலாக நாலு வரியைப் பதிவேற்றிவிட்டு, பிறகு திருத்திக்கொள்கிறேன் என்று ஒளிந்துகொள்பவர்கள்தாம் அமைப்பாளரின் உறக்கத்தைக் கெடுக்கிறார்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, என் யூல்டைட் கதை பாதியில் நின்றிருந்தது. ரப்பர் மரங்களும் வாழைகளும் மின்கம்பங்களும் சரிந்து ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குப் போனவர்களைத் தேடித் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் சனம் நின்றுகொண்டிருந்தது. கதை எழுதுகிற மனநிலை யாருக்கு இருக்கும்? ஜெனரேட்டர் ஓடிய ஒரு கடையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, விலகிக்கொள்கிறேன் என்று அமைப்பாளர்களுக்கு இரண்டு வரி எழுதினேன். அக்கறையோடு ஒரு பதில் வந்தது. என் கடமையை முகமறியா ஒருவர் எடுத்துக்கொண்டார். கதைகள் திறக்கப்பட்டதும் நான் முதலில் தேடியது அவர் எழுதியதைத்தான். நான் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனப்பாடமாகியிருந்த அதே கடிதத்திலிருந்து, நான் பொருட்படுத்தாமல் தாண்டிச் சென்ற ஓர் அரை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முழுக் கதையையும் எழுப்பியிருந்தார். நான் எழுதத் திட்டமிட்டிருந்ததைவிட அது நன்றாக இருந்தது. பொறாமையும் நிம்மதியும் சம அளவில் இருந்தன என்று சொல்லலாம். பொறாமை சற்றே கூடுதலாகவும் இருந்திருக்கலாம்.

கடமை இல்லாமல், ஒரு கடிதம் பிடித்துப்போனதால் மட்டுமே கூடுதலாக எழுதிக் கொடுக்கும் சிறு கதைகளை ட்ரீட் என்பார்கள். ஐயையைக் கேட்டவருக்கு அந்த ஆண்டில் அப்படியும் ஒன்று கிடைத்தது. மாடலன் குமரித் துறையில் நீராடியவன் என்று காப்பியமே சொல்வதால், எங்களுள் ஒருவர் அவனை நம் கடற்கரையில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து எழுதியிருந்தார். தான் பிறகு புகாருக்குக் கொண்டுபோகப்போகும் மதுரைச் செய்தியைக் கேட்டுப் பலர் உயிர்விடப்போவதையும், அந்தப் பழியைக் கழுவத் தானே கங்கைவரை போக நேரும் என்பதையும் அறியாமல் அவன் அங்கே குளித்துக்கொண்டிருக்கிறான். முந்நூறு சொற்கள்கூட இருக்காது. கேட்டவரும் மகிழ்ந்தார், கேட்காத நாங்களும் மகிழ்ந்தோம்.

இந்த ஆண்டு என் கடிதத்தில் மாலதியைக் கேட்டிருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் தேவந்தியின் முன்கதையில் சில வரிகளே வரும் பெண் அவள். அவள் ஊட்டிய பால் விக்கி மாற்றாளின் குழந்தை இறந்துபோக, பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் அந்தக் குழந்தையாகவே உருக்கொண்டு அவள் கைக்கு வருகிறது. அவள் அதைத் தாயிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு அந்தப் பிள்ளை அதே வீட்டில் வளர்வதை அவள் என்ன நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். இதுவரை யாரும் மாலதியை எழுதித் தருவதாகப் பதியவில்லை என்று இவ்வாண்டு நோட்டு வைத்திருப்பவர் சொல்கிறார். பதிவு முடிய இன்னும் நாள் இருக்கிறது.