சர்வரும் உங்களைச் சோதிக்கட்டும்

ஹெச்டிடிபிஎஸ் போட்டாச்சு, இனிக் கவலையில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதில் சர்வர் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் சொல்வது, நீங்கள் பேசுவது அந்தப் பெயருக்கு உரிய சர்வரோடுதான் என்பதை மட்டுமே. நீங்கள் யார் என்று சர்வர் கேட்கவே இல்லை. பேமென்ட், உள் ஏபிஐ மாதிரி இரண்டு சர்வர்கள் தங்களுக்குள் பேசும் இடங்களில் பாஸ்வேர்டை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. அங்கே எம்டிஎல்எஸ் வேண்டும், அதாவது ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு முறையான டிஎல்எஸ்ஸில் இரு பக்கமும் சான்றிதழ் காட்டுவது.

சர்வர் தன் சான்றிதழைக் காட்டும்போதே உன்னுடையதையும் காட்டு என்கிறது. கிளையன்ட், அதாவது இணைப்பைத் தொடங்கும் பக்கம், அனுப்புகிறது. சரி, ஆனால் சான்றிதழ் ரகசியம் இல்லை, யாரும் நகல் எடுக்கலாம், அதனால் அதுவரை இருவரும் பரிமாறிக்கொண்ட செய்திகள் மொத்தத்தின் மீதும் கிளையன்ட் தன் பிரைவேட் கீயால் (அந்தச் சான்றிதழுக்கு ஜோடியான ரகசியச் சாவி) கையெழுத்திட வேண்டும். கீ வெளியே போவதே இல்லை, அது கையில் இருக்கிறது என்பது மட்டும் நிரூபணமாகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். (டிஎல்எஸ் 1.2-இல் கிளையன்ட் சான்றிதழ் மறைக்கப்படாமலே போகும். 2018-இல் வந்த 1.3 அதை என்கிரிப்ட் செய்துவிடுகிறது. மாறிவிடுங்கள்.)

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் இதற்கு முக்கியமாக இரண்டு வரிதான்: எந்த சிஏவை (சான்றிதழ் வழங்கும் அமைப்பை) நம்புவது, சோதனை கட்டாயமா என்பது. கட்டாயம் என்று வைத்தால், சான்றிதழ் இல்லாமல் வருபவருக்கு 400 பிழை. அப்புறம், அந்த சிஏ உங்கள் சொந்த சிஏவாக இருக்கட்டும். பொது சிஏவைக் கொடுத்தால் அதனிடம் கிளையன்ட் சான்றிதழ் வாங்கிய முன்பின் தெரியாதவர்கள்கூட உள்ளே வந்துவிடலாம். வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழை ரத்து செய்தால் ரத்தான சான்றிதழ்களின் பட்டியலையும் சர்வரிடம் கொடுங்கள், சொல்லாமல் என்ஜின்எக்ஸ் அதைத் தேடிப் போகாது.