நாலு மணிக்கு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. கடைசி மணி அடித்தாயிற்று. பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாக்பீஸ் தூள் ஒட்டிய கையைக் கழுவலாம் என்று வெளியே வந்தால், வராந்தாவில் முப்பது சாரணப் பிள்ளைகள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். "சார், இன்னைக்கு என்ன சார்?"

அதற்குப் பதில் தெரியாமல் நானே முதல் மூன்று வருடம் திருதிருவென்று விழித்திருக்கிறேன். கொடியேற்றி, இந்தி இறைவணக்கப் பாட்டைப் பாதி ராகத்தில் பாடி, அப்புறம் "சரி, கபடி விளையாடுங்க" என்று விட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு அதில் குறையொன்றும் இல்லை. எனக்குத்தான் வீடு திரும்பும் பேருந்தில் ஒரு மாதிரி இருக்கும்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டிலிருந்து வந்தவன். வேலை கிடைத்தது மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், கடலோரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில். சேர்ந்த இரண்டாம் வருடமே சாரணர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதிதாக வந்தவன், கல்யாணம் ஆகாதவன், மறுக்கத் தெரியாதவன். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பள்ளியிலும் சாரண ஆசிரியர் தயார். ஏழு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முடிச்சுகள், கூடாரம், விசில் சைகை, இடது கையால் கைகுலுக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அறுபது பெரியவர்கள் உற்சாகமாகப் பாடினோம், ஆடினோம். திரும்பி வந்தால் நான் ஒருவன், முப்பது பிள்ளைகள், ஒரு கயிறு. அடுத்த வெள்ளிக்கு என்ன செய்வது என்று அந்த ஏழு நாளில் யாரும் சொல்லவில்லை.

சில வருடம் தட்டுத்தடுமாறி ஓட்டிய பிறகு மாவட்ட அளவில் பொறுப்பில் இருந்த ஒருவர் கேட்டார்: "நீங்க ஏதோ நோட்டுல எழுதி வெச்சு நடத்துறீங்களாமே. கடலோரப் பள்ளிக்கூடங்களுக்கு அதையே எழுதிக் கொடுங்களேன். எடுத்தவுடன் நடத்துற மாதிரி இருக்கணும்." சம்பளமில்லாத வேலை. சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுத் தாள்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கான திட்டம். தேவையான பொருட்கள்: காகிதத் தட்டு, பைன் மரக் காய், முட்டை அட்டைப்பெட்டி, நெருப்பில் வாட்டித் தின்ன ஒரு வெள்ளை மிட்டாய். பைன் காய்க்கு நான் எங்கே போவது? பனங்கொட்டை வேண்டுமானால் ஒரு வண்டி அள்ளித் தரலாம். பொருட்களைத் தள்ளிவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். இத்தனை மணிக்குத் தொடக்கம், இத்தனை நிமிடம் விளையாட்டு, அப்புறம் ஒரு திறமை, அப்புறம் கதை, கடைசியில் கொடி இறக்கம்.

ஆயத்தத் திட்டம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. தாளைப் பார்த்து நடத்துவதா சாரணியம் என்பார்கள். நான் அவர்களுக்கு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவைத்தான் சொல்வேன். 1907 ஆகஸ்டில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களோடு அந்தச் சின்னத் தீவில் முகாம் போட்டபோது, ஒரு நாள் உற்றுநோக்கல், ஒரு நாள் உயிர் காத்தல் என்று நாளுக்கொரு பொருளை முன்கூட்டியே வகுத்து வைத்துத்தான் நடத்தினார். அடுத்த வருடம் அவர் எழுதிய நூலும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாக வந்தது. நடத்துபவர்களுக்கான குறிப்புகளும் அதற்குள்ளேயே இருந்தன. ஆக, தாள் கொடுக்கும் பழக்கம் இயக்கத்தோடு கூடப் பிறந்தது.

என் முதல் பன்னிரண்டு தாள்கள் படுதோல்வி. தாள் என்று பேர்தான், ஒவ்வொன்றும் நாலு பக்கம். பி.எட்.டில் பிடித்த வியாதி: பொது நோக்கம், சிறப்பு நோக்கம், எதிர்பார்க்கும் நடத்தை மாற்றம். மூன்று மாதம் கழித்து ஒரு சுற்றுப் போனேன். கொடுத்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தன. பெரியபட்டினம் பக்கத்தில் ஒரு டீச்சர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். இதைப் படிக்கவே ஒரு லீவு நாள் வேணும். எனக்கு கடைசி பீரியட் முடிஞ்சு, பிள்ளைங்க வரிசையில நிக்கிறதுக்குள்ள படிக்கிற மாதிரி வேணும்."

அந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்.

திரும்ப எழுதினேன். ஒரே தாள், முன்னும் பின்னும். இடப்பக்கம் நிமிடம், வலப்பக்கம் வேலை. பள்ளியில் ஏற்கெனவே இருக்கிற பொருள் மட்டும்: கயிறு, சாக்பீஸ், கல், பழைய செய்தித்தாள். கீழே ஒரு வரியில், இது பிரதம சோபான் என்கிற முதற்படித் தேர்வில் எந்தப் பாடத்துக்குக் கணக்கு என்று. லாக் புக் நிரப்ப அது வேண்டும், இல்லையென்றால் அதற்கு வேறு ஒரு ராத்திரி போகும். பிறகு, நான் கூச்சத்தோடு சேர்த்த ஒன்று: முதல் வாக்கியம். 'எல்லாரும் கண்ணை மூடுங்கள். இப்போது கேட்கிற சத்தங்களை விரலில் எண்ணுங்கள்' என்பது போல, தொடங்குவதற்கு ஆசிரியர் சொல்ல வேண்டிய ஒரு வரியை அப்படியே எழுதினேன். வளர்ந்த மனிதர்களின் வாயில் வார்த்தையைத் திணிக்கிறோமே, கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். அதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். முதல் வாக்கியம் கிடைத்துவிட்டால் இரண்டாவதிலிருந்து அவரவர் பாணிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் தாளை யாரும் பார்ப்பதில்லை. நான் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எழுதியது அந்த ஒரு வரிக்காகத்தானா என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

தாளில் இருந்த நிமிடக் கணக்கை முதலில் உடைத்தது முடிச்சு. ஏழாவது தாள், 'ஷீட் பெண்ட், இருபது நிமிடம்'. கனமான கயிற்றோடு மெல்லிய கயிற்றைச் சேர்க்கும் முடிச்சு அது. பயிற்சியில் எனக்கு அரை நாள் பிடித்தது. என் பள்ளியிலேயே ஒத்திகை பார்க்கலாம் என்று கயிற்றை எடுத்து வளையம் போட்டுக் காட்டினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதியிலேயே, "சார், இது வலை முடிச்சுல்ல?" என்றான். கயிற்றை வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிக் கொடுத்தான். மறுநாள் வீட்டிலிருந்து வலை ஊசியும் கிழிந்த வலைத் துண்டும் கொண்டுவந்தான். வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பது அதே முடிச்சுதான். வலைக்காரர்கள் ஊசியால் போடுகிறார்கள், நாங்கள் விரலால் போடுகிறோம், அவ்வளவே. அவன் அதுவரை எத்தனை ஆயிரம் போட்டிருப்பானோ! அன்று இரண்டு நிமிடத்தில் என் பாடம் முடிந்து, மீதிப் பதினெட்டு நிமிடம் நான் மாணவனாக உட்கார்ந்திருந்தேன்.

தாளை மாற்றினேன். 'முதல் வாக்கியம்: உங்களில் யாருக்கு வலை பின்னத் தெரியும்?' கடலோரத்தில் அது அருமையாக வேலை செய்தது. பெண் பிள்ளைகள் கையும் பாதிக்குப் பாதி உயர்ந்தது என்று சொன்னார்கள். அதே தாள் எப்படியோ கை மாறி எங்கள் ஊர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு சார் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒரு பையன் எழுந்து, "கொசுவலையா சார்?" என்றானாம்.

ஞாபக விளையாட்டுத் தாள் வேறு விதமாகக் கையைச் சுட்டது. இருபத்துநாலு பொருளைத் துணியில் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி மூட வேண்டும். பதினாறு சொன்னால் தேர்ச்சி. பொத்தான், பேனா மூடி என்று தேடுவானேன், பிள்ளைகளே வீட்டிலிருந்து ஆளுக்கு நாலு பொருள் கொண்டுவரட்டும் என்று எழுதியிருந்தேன். கொண்டுவந்தார்கள். ஈயக்குண்டு, மிதவைக் கட்டை, தூண்டில் முள், கரையில் ஒதுங்கிய கிளிஞ்சல், காய்ந்த பாசி, பனங்கொட்டை. நடுவில் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பாக, விரல் நீளத்தில் காய்ந்த ஏதோ ஒன்று. நான் ஏதோ கிழங்கு என்று நினைத்தேன். "கடல் அட்டை சார்" என்றாள் ஒரு பெண், மிகச் சாதாரணமாக.

2001 முதல் கடல் அட்டை காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பிடிக்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பள்ளி வராந்தாவில், சாரணர் துணியின் நடுவில், பதிமூன்றாவது பொருளாக அது படுத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்த பையனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டில் யாரையோ காட்டிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். அட்டை ஏன் கடலுக்கு வேண்டும், மண்ணைத் தின்று மண்ணைச் சுத்தமாக்கிவிடும் உழவன் அது என்று பத்து நிமிடம் பேசினேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா என்பதையும் சொன்னேன். பேசும்போது பின்வரிசையில் ஒருவன், "அப்ப எங்கய்யா சின்னப் பிள்ளையில பிடிச்சது தப்பில்லையா சார்?" என்று கேட்டான். அப்போது தப்பில்லை என்றேன். இப்போது மட்டும் எப்படி என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நன்றாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. அன்று இரவு தாளில் ஒரு வரி ஏறியது: கடல் அட்டை, கடல் குதிரை, உயிருள்ள எதுவும் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

அந்த விளையாட்டில் பிள்ளைகள் சர்வசாதாரணமாக இருபது சொன்னார்கள். நான் ஒன்பது. பார்த்ததை மறக்கவில்லை, பல பொருளுக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

மற்ற திருத்தங்கள் சின்னச் சின்னவை. மணலில் சாக்பீஸ் கோடு நிற்காது, கிளிஞ்சல் வரிசை போடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காகிதம் வேண்டிய எதையும் வெளியே செய்யாதே. கடலில் இறங்கும் செயல் எந்தத் தாளிலும் கிடையாது, நீச்சல் தெரிந்த பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். வெள்ளிக்கிழமை என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டேன். ஜும்ஆவுக்கு விடுமுறை விடும் பள்ளி உண்டு, ஞாயிறு பூசைக்குப் போகும் ஊர் உண்டு, படகு கரை சேரும் நாளில் பாதிப் பிள்ளைகள் கூடை தூக்கப் போய்விடும் ஊரும் உண்டு. குருளையர் என்கிற சின்னப் பிள்ளைகள் பிரிவுக்கான காட்டுக் கதையை மட்டும் மாற்றவில்லை. ஓநாயும் புலியும் இங்கே யாரும் பார்த்ததில்லைதான், காடு என்றால் பிள்ளைகளுக்கு வேலிக்கருவைதான். இருந்தாலும் வட்டமாகக் குந்தி ஊளையிடுவது என்றால் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அத்தனை குஷி. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு திருத்தத்துக்கு மட்டும் எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் நான் முதல் தாளாகச் சேர்க்கையையும் சீருடையையும் வைத்திருந்தேன். ஸ்கார்ஃப், அதைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வாகிள் வளையம், பெல்ட் எல்லாம் சேர்த்து அப்படி ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஆனால் விசைப்படகில் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்த இரண்டு மாதம் வருமானமே இருக்காது. தடை முடிந்தாலும் முதல் காசு கடனுக்குப் போகும். ஜூனில் பெயர் கொடுக்காத பிள்ளைகளை ஆர்வமில்லாதவர்கள் என்று நானே பதிவேட்டில் குறித்திருக்கிறேன். ஒரு அம்மா வாசலில் நின்று, "ஆவணியில குடுத்தா சேப்பீங்களா சார்?" என்று கேட்டபோதுதான் மண்டையில் உறைத்தது. சீருடைத் தாள் செப்டம்பருக்குப் போனது. அதுவரை ஸ்கார்ஃப் இல்லாமலே வரலாம் என்று பெரிய எழுத்தில் போட்டேன். விதிமுறைப்படி சரியா என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, வேறு வேலையாக வாலிநோக்கம் பக்கம் போனபோது ஒரு பள்ளி மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. மாலை நேரம். ஓர் இளம் டீச்சர், கையில் ஒரு தாள். எட்டிப் பார்த்தேன். என் தாள்தான், ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எழுத்து பாதி அழிந்து போயிருந்தது. நிமிடங்களை அடித்துப் பென்சிலில் வேறு எண்கள். ஓர் இடத்தில் 'காற்று, வேண்டாம்'. இன்னோர் இடத்தில் வேறு கையெழுத்தில் 'எட்டாம் வகுப்புக்குப் பிடிக்கவில்லை'. முன்பு இருந்த சார் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் எழுதியது என்று சொல்லத் தோன்றவில்லை.

தாளின் பின்பக்கம், நான் காலியாக விட்டிருந்த இடத்தில், எனக்குத் தெரியாத ஒரு விளையாட்டு வரைந்திருந்தது. தலைப்பு 'கரைவலை'. இரண்டு வரிசை, ஒரு நீளக் கயிறு, நடுவில் வட்டம். கீழே ஒரு விதி: 'மடி கிழிந்தால் எல்லாரும் தப்பு.' இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார். "எனக்கும் தெரியாது சார், நான் அருப்புக்கோட்டை. இதுங்களே விளையாடிக்கும்." ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, சாருக்குச் சொல்லு என்றார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "பிடிங்க சார். நான் சொல்றப்ப இழுக்கணும்."