பெயர் தெரியாத வௌவாலுக்கு அனுமதி வாங்கிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செத்த வௌவால் கிடைத்தால் தயவுசெய்து ஃபார்மலினில் போடாதீர்கள். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது கிடைத்த சின்னஞ்சிறிய வௌவாலை, "கெட்டுப்போயிடக் கூடாதேன்னு போட்டேன்க்கா" என்று எங்கள் லேப் தம்பி ஊறப் போட்டுவிட்டான். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். மூன்று வாரம் மல்லுக்கட்டியும், டிஎன்ஏ இருந்தால் கோடாகத் தெரிய வேண்டிய ஜெல்லில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

சரி, உடலையாவது அளப்போம் என்று வெர்னியரை எடுத்தேன். முன்கை 30 மி.மீ. இந்த அளவில் பிப்பிஸ்ட்ரெல் எனப்படும், பூச்சி தின்னும் குட்டி வௌவால் இனங்கள் ஒன்றோடொன்று குழம்பும். ஆண்குறி எலும்பின் வடிவத்தைப் பார்த்தால் பிரித்துவிடலாம். என்னிடம் இருந்ததோ பெண்.

ஆனாலும் இது புது இனமாக இருக்குமோ என்ற ஆசை விடவில்லை. 1948இல் மேகமலையில் பிடித்த ஒரு வௌவால், குட்டை மூக்குப் பழந்தின்னி என்ற பெயரில் அருங்காட்சியகத்தில் இருபது வருடத்துக்கும் மேல் கிடந்து, 1972இல் தனிப் பேரினமாகி சலீம் அலியின் பெயரைப் பெறவில்லையா?

இன்னொன்றைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். முதல் தடவை போனபோது என் ஆய்வு கைடின் கடிதத்தில் தேதி இல்லை. இரண்டாவது தடவை "சார் மீட்டிங்ல இருக்கார்." மாலை ஐந்து வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு 29சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது தடவை படிவத்தில் 'இனத்தின் பெயர்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார் கிளார்க்.

"இது காலியா இருக்கேம்மா?"

"பேரைக் கண்டுபிடிக்கத்தான் சார் அனுமதியே கேக்கறேன்."

"பேர் தெரியாததுக்கு எப்படிம்மா குடுக்கறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். அங்கேயே நின்று, இருக்கக்கூடிய இனங்களை வரிசையாக எழுதி, கடைசியில் 'அடையாளம் காணப்படாத பிப்பிஸ்ட்ரெல்' என்று சேர்த்தேன். வாங்கிக்கொண்டார். நீங்கள் முதல் தடவையே இப்படி எழுதிவிடுங்கள்.

வலை, கையுறை, வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் வழக்கம்போல் முடிந்தன. ஓர் ஆண் சிக்கியது. திசுவை அனுப்பப் போனால், எரியும் திரவம் என்று, அது ஊறிக்கிடந்த எத்தனாலை (ஆல்கஹால்) கூரியர்காரர் வாங்க மறுத்தார். வடித்துவிட்டு, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அனுப்பினேன்.

இனத்தை அடையாளம் காண உதவும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவான சைட்டோகுரோம் பியின் டிஎன்ஏ வரிசை வந்தது. எந்த இனத்தோடும் ஒட்டவில்லை! லேப் முழுக்க பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் கைடு அந்த வரிசையைப் புரதமாக மாற்றிப் பார்த்தார். நடுவழியில் 'நிறுத்து' குறி. வேலை செய்கிற மரபணுவில் அது வராது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய நகல் ஒன்று உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் அதைத்தான் பெருக்கியிருக்கிறது. பிரியாணிக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

வேறு பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டுகள்) போட்டு மறுபடி செய்ததும் வரிசை சுத்தமாக வந்தது, ஆண்குறி எலும்பும் அதையே சொன்னது. பிப்பிஸ்ட்ரெல்லஸ் கோரமண்ட்ரா. 1838லேயே நம் சோழமண்டலக் கரையின் பெயரைச் சூட்டி விவரித்துவிட்டார்கள்.

கிளார்க்கிடம் நின்றபடி எழுதிக்கொடுத்த பட்டியலில் முதல் பெயரும் அதுதான்.